உன் பேர் என்ன?

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறார். “உன் பேர் என்ன?”

ஒரு பையன் எழுந்து நிற்கிறான். “புதூ” என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை.

இது ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முண்டா, உராவ் போன்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பிள்ளை பிறந்த கிழமையையே பெயராக வைப்பது அங்கே பழைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் எத்வா. திங்கள் என்றால் சோம்ரா. செவ்வாய் என்றால் மங்ரா. வெள்ளி என்றால் சுக்ரா. புதன்கிழமை பிறந்தவன் புதூ.

இந்தி பேசும் பிள்ளைகள் காதில் இந்தப் பெயர் வேறு மாதிரி விழுகிறது. இந்தியில் முட்டாளைப் ‘புத்தூ’ என்பார்கள். ஓர் எழுத்துதான் கூடுதல். அந்த ஓர் எழுத்து ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிடுகிறது.

சாயங்காலம் பையன் வீட்டுக்கு வருகிறான். “நாளைக்கு நான் போகமாட்டேன்” என்கிறான். “யாராவது அடிச்சாங்களா?” என்று அம்மா கேட்கிறாள். இல்லை. “பசிச்சுதா?” இல்லை. அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. தன் பெயரே குற்றம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? அந்தப் பெயரை வைத்தவளே அவள்தானே!

இந்தக் கிழமைப் பெயர்களில் ஒன்று நாடு முழுக்கத் தெரிந்த பெயர். பிர்ஸா முண்டா. வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்து நின்றவர் அவர். பிர்ஸா என்பது வியாழக்கிழமையை ஒட்டி வைத்த பெயர் என்று சொல்கிறார்கள். அவர் 1875இல் பிறந்தார். சிறுவயதில் ஜெர்மன் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் பெயர் பிர்ஸா டேவிட் ஆனது. சில வருடத்தில் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வந்தார். 1900இல் ராஞ்சி சிறையில் இறந்தார். இன்று ராஞ்சி விமான நிலையத்துக்கே பிர்ஸா முண்டா பெயர்தான். டேவிட் என்ற பெயர் அதில் இல்லை.

ஒரு பெயருக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது, பாருங்கள். பாட்டியின் ஞாபகம் இருக்கும். குலதெய்வம் இருக்கும். ஊர் இருக்கும். மதம் தெரியும். சில இடங்களில் சாதியும் தெரியும். அதனால்தான் பெயரைக் கேலி செய்தால் ஒரு பிள்ளைக்கு அவ்வளவு வலிக்கிறது. அவன் வீட்டையே கேலி செய்தது போல இருக்கிறது.

இந்தப் பிள்ளைக்கு உதவ என்ன வழி? ஆசிரியர் உதவலாம். அம்மா அப்பா உதவலாம். கூடவே ஒரு புத்தகமும் உதவும். எந்தப் புத்தகம்? படப் புத்தகம்.

படப் புத்தகம் என்பது சின்னப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம். பக்கம் முழுக்கப் படம் இருக்கும். கீழே இரண்டு மூன்று வரிதான் இருக்கும். எழுத்து பெரிதாக இருக்கும். முப்பது பக்கத்துக்குள் கதை முடிந்துவிடும்.

நம் நாட்டுப் பாடப் புத்தகங்களில் வெகு காலம் ஒரே மாதிரி வீடுதான் இருந்தது. அப்பா அலுவலகம் போவார். அம்மா சமையல் அறையில் இருப்பாள். சுவரில் கடிகாரம் தொங்கும். தோல் செருப்புத் தைக்கும் அப்பா அதில் வரமாட்டார். செங்கல் சூளையில் வேலை செய்யும் அம்மா வரமாட்டாள். ஆடு மேய்க்கும் பெண் வந்தாலும் கதையின் ஓரத்தில்தான் நிற்பாள். இந்த நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது. ஓரத்தில் நின்ற பிள்ளைகளைப் பக்கத்தின் நடுவில் வைத்துச் சில நல்ல படப் புத்தகங்கள் வந்திருக்கின்றன.

அவற்றில் ஒரு பெண் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவள் பெயர் மொய்னா.

‘ஏன், ஏன்’ என்று கேட்டவள்

மொய்னா என்றால் வங்காள மொழியில் மைனா. வயது பத்து. மேற்கு வங்காளத்தில் சபர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மொய்னா அவர்களில் ஒருத்தி. அவள் கதையை எழுதியவர் மகாசுவேதா தேவி. பெரிய எழுத்தாளர். 1926இல் பிறந்து 2016இல் மறைந்தார். சபர் மக்களோடு பல வருடம் பழகி, அவர்களுக்காக உழைத்தவர்.

மொய்னா பள்ளிக்கூடம் போவதில்லை. அவளுக்கு நேரம் ஏது? அப்பா வேலை தேடி ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். அம்மாவுக்குக் கால் சரியில்லை. மொய்னா பணக்காரர் வீட்டு ஆடுகளை மேய்க்கிறாள். தொழுவத்தைக் கூட்டுகிறாள். தண்ணீர் சுமக்கிறாள். இத்தனை வேலைக்கும் நடுவில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் ஏன் அவர்கள் ஆட்டை மேய்க்க வேண்டும்? அவர்கள் வீட்டுப் பையன்கள் ஏன் மேய்க்கக் கூடாது? தண்ணீர் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பணக்காரர் கொஞ்சம் அரிசி அனுப்பினால், அதற்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? நான் செய்கிற வேலைக்கு அவர் நன்றி சொல்கிறாரா?

இப்படிக் கேட்டதால் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. ‘ஏன் ஏன் பெண்.’ மொய்னா இந்தப் பெயரால் குறுகிப் போகவில்லை. கேட்பதையும் நிறுத்தவில்லை.

ஒருநாள், புத்தகம் எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்கிறாள். உன் கேள்விக்கெல்லாம் புத்தகத்தில் பதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறாள். அப்படியானால் நானும் படிக்க வேண்டும் என்கிறாள். ஆனால் பள்ளி நடப்பதோ காலையில். காலையில் அவள் ஆட்டோடு காட்டில் இருப்பாள். நேரத்தை மாற்றாவிட்டால் நான் எப்படிப் படிப்பேன் என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. அறிவொளி வகுப்பு ஏன் இரவில் நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமே!

கதையின் கடைசியில் மொய்னாவுக்குப் பதினெட்டு வயது. அவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். இப்போது அந்தப் பிள்ளைகள் அவளைக் கேள்வி கேட்கிறார்கள்.

இது ஏதோ சின்னக் கதை என்று தோன்றலாம். சபர் மக்கள் பட்டதைத் தெரிந்துகொண்டால் இதன் எடை புரியும். வெள்ளைக்காரர் அரசு 1871இல் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயர் குற்றப் பழங்குடிகள் சட்டம். அந்தச் சட்டத்தின்படி நாட்டில் பல இன மக்களை மொத்தமாகக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தார்கள். சபர் மக்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒருவன் திருடினானா இல்லையா என்ற பேச்சே இல்லை. அந்தச் சாதியில் பிறந்ததே போதும். தமிழ்நாட்டில் கள்ளர், குறவர் போன்றவர்கள் மீதும் இதே சட்டம் பாய்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. பட்டியல் போனாலும் சந்தேகம் சீக்கிரம் போகவில்லை. ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

ஒரு மக்களுக்கு அரசாங்கமே கெட்ட பெயர் எழுதி வைத்தது. அதே மக்களில் ஒரு சிறுமிக்கு ஒரு புத்தகம் நல்ல பெயர் கொடுத்தது.

பாம்பு பிடிப்பவரின் மகன்

அடுத்தது காளி. இவன் தமிழ்நாட்டுப் பையன். இருளர் வீட்டுப் பிள்ளை. இந்தக் கதையை எழுதியவர் ஜாய் விட்டேக்கர். படம் வரைந்தவர் ஸ்ரீவித்யா நடராஜன். 2000ஆம் ஆண்டில் புத்தகமாக வந்தது.

காளியின் அப்பா பாம்பு பிடிப்பவர். ஊரிலேயே கெட்டிக்காரர். காளிக்கு அதில் பெருமைதான். பள்ளிக்கூடம் போன பிறகுதான் சிக்கல் வருகிறது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னதும் மற்ற பிள்ளைகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சாப்பாட்டிலும் இதே கதை. காளி வறுத்த ஈசல் கொண்டுவருகிறான். மழைக்காலத்தில் பிடித்து வறுத்தால் அவ்வளவு ருசி! ஆனால் அதை மற்றவர்கள் முன்னால் தின்ன அவனுக்குக் கூச்சம். தனியாக உட்கார்ந்து தின்கிறான்.

ஒருநாள் வகுப்புக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. எல்லோரும் அலறுகிறார்கள். ஆசிரியருக்கும் நடுக்கம். காளி அமைதியாகப் போய்ப் பாம்பைப் பிடிக்கிறான். அதற்குப் பிறகு அவனுக்கு நிறைய நண்பர்கள்.

நல்ல கதைதான். ஆனாலும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பாம்பு வராமலே இருந்திருந்தால்? காளி கடைசி வரை தனியாகத்தான் உட்கார்ந்திருப்பானா? வீரம் காட்டினால்தான் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோமா? கதையைப் படித்து முடித்ததும் உங்கள் பிள்ளையிடம் இதைக் கேளுங்கள். பிள்ளைகள் நல்ல பதில் வைத்திருப்பார்கள்.

காளியின் அப்பா செய்யும் தொழில் சாதாரணத் தொழில் இல்லை. பாம்புக்கடிக்கு ஊசி மருந்து போடுகிறார்களே, அந்த மருந்து செய்யப் பாம்பின் விஷமே வேண்டும். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் மருந்து செய்யும் இடங்களுக்குப் போகிறது. நாட்டில் எங்கோ ஒரு வயலில் பாம்பு கடித்தவர் பிழைக்கிறார் என்றால், அதில் இருளர் கையும் இருக்கலாம். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. காளி தன் வகுப்பில் எதைச் சொல்லக் கூசினானோ, அதற்குத்தான் டெல்லியில் விருது.

தொப்பியும் ரோஜாவும்

பெயரில் மதம் தெரியும் என்று பார்த்தோம். அதைப் பற்றியும் ஒரு படப் புத்தகம் உண்டு. நீனா சப்னானி என்பவர் செய்தது. 2007இல் வந்தது. கராச்சி நகரில் இரண்டு நண்பர்கள். ஒருவன் முகந்த். இன்னொருவன் ரியாஸ். ஒரே தெரு, ஒரே விளையாட்டு. 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. முகந்த் என்ற பெயர் உள்ளவன் ஊரை விட்டுப் போக வேண்டும். ரியாஸ் என்ற பெயர் உள்ளவன் இருக்கலாம். முகந்த் குடும்பம் பத்திரமாகத் தப்பிக்க ரியாஸ்தான் உதவுகிறான். முகந்திடம் ஒரு தொப்பி இருந்தது. ரியாசுக்கு அதன் மேல் ஆசை. பிரியும் நேரத்தில் முகந்த் அதை ரியாசுக்குக் கொடுத்துவிடுகிறான். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. இது நீனா சப்னானியின் அப்பா வாழ்க்கையில் நடந்தது. படங்களெல்லாம் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்தது போல இருக்கும். சிந்துப் பகுதிப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் போர்வை மாதிரி.

இன்னொரு பெண் பிள்ளை குலாப். குலாப் என்றால் ரோஜா. இவளுடைய அப்பா சாக்கடை சுத்தம் செய்பவர். வகுப்பில் இவளை ‘நாற்றம்’ என்று கூப்பிடுகிறார்கள். ரோஜா என்று அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் என்ன ஆயிற்று? குலாப் அழுதுகொண்டு உட்காரவில்லை. மனிதன் சாக்கடைக்குள் இறங்காமல் சுத்தம் செய்ய ஓர் இயந்திரம் யோசிக்கிறாள். இந்தக் கதையை எழுதிப் படம் வரைந்தவர் சாகர் கோல்வங்கர். மலத்தை மனிதர் கையால் அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதும் குற்றம். அப்படியும் ஆட்கள் உள்ளே இறக்கப்படுகிறார்கள். விஷவாயு தாக்கி இறக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிவது பெரியவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று மொய்னா கேட்டிருப்பாள்.

எப்படிப் படித்துக் காட்டுவது?

“நானே இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பிள்ளைக்கு எப்படிப் படித்துக் காட்டுவது?” என்று நினைக்கிறீர்களா? படப் புத்தகம் உங்களுக்கும் ஏற்றது. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிதான். முதலில் படத்தைப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். பிறகு வரியைப் படியுங்கள். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் பரவாயில்லை. இருவரும் சேர்ந்து எழுத்துக் கூட்டலாம். அம்மாவும் தடுமாறுகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைக்கும் பயம் போகும்.

அவசரமாகப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். “நம்ம வீட்டுலயும் இந்த மாதிரி அடுப்பு இருக்கே!” என்று பிள்ளை சொல்லலாம். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தன் வீட்டுப் பொருளை அச்சில் பார்ப்பது அதற்குப் புது அனுபவம்.

இந்தப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? மேலே சொன்ன மொய்னா, காளி, முகந்த், குலாப் கதைகளை வெளியிட்டது சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம். அவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேறு பல இந்திய மொழிகளிலும் புத்தகம் போடுகிறார்கள். விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கைபேசி உள்ளவர்கள் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையதளத்தில் வேறு பல படக் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கியது அது. அதே நிறுவனம் ஒடிசாவில் முண்டா, குயி, சௌரா, ஜுவாங் ஆகிய பழங்குடி மொழிகளிலும் படப் புத்தகம் போட்டது. அந்த மக்களே கதை எழுதினார்கள். தங்கள் பேச்சு எழுத்தாக அச்சாகும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கதை இருக்கட்டும். பள்ளிப் பதிவேட்டில் உங்கள் பிள்ளையின் பெயர் எப்படி இருக்கிறது? பல வீடுகளில் இது பெரிய தொல்லை. வீட்டில் ஒரு பெயர். பள்ளியில் இன்னொரு பெயர். சில ஊர்களில் ஆசிரியரே “இந்தப் பேர் நல்லா இல்ல” என்று வேறு பெயர் எழுதிவிடுவது உண்டு. அம்மா அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் அது அப்படியே நின்றுவிட்டது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். சேர்க்கைப் படிவத்தைக் கையில் வாங்குங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழையும் பாருங்கள். பிள்ளை பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயர் வைத்திருக்காவிட்டால் பயம் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர இந்தச் சான்றிதழ்தான் வயதுக்கு ஆதாரம்.

பெயர் என்பது பிள்ளையின் உரிமை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இதை எழுதி வைத்தது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளையைப் பற்றி எந்தப் புத்தகமும் இன்னும் வரவில்லையா? நீங்களே ஒன்று செய்யலாம். பழைய நோட்டில் எழுதாத தாள் நாலைந்து எடுங்கள். நடுவில் மடித்து, ஊசி நூலால் தையுங்கள். படத்தைப் பிள்ளை வரையட்டும். வீடு, ஆடு, பாட்டி, அப்பாவின் அரிவாள், அம்மாவின் கூடை, எதுவானாலும் சரி. கீழே இருக்கிற வரியை நீங்கள் எழுதுங்கள். முதல் பக்கத்தில் இப்படித் தொடங்கலாம்: “என் பேர் …” அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால், அவளைக் கேட்டு எழுதுங்கள்.